பெயர் அதேதான், டொமைன் வேறு: பீனியா ஆபீஸின் 14 கணினிகளை என்ன செய்வது?

முதலில் உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். இதில் தப்பிருந்தால் கீழே உள்ளது பாதி பொருந்தாது. பெங்களூரு பீனியாவில் சின்னத் தொழிற்சாலை, ஆபீஸில் 14 கணினிகள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய, மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011 எசென்ஷியல்ஸ் போட்ட பெட்டி, போன வாரம் கரண்ட் போய்த் திரும்பியபோது எழுந்திருக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். புதுப் பெட்டி வாங்கி விண்டோஸ் சர்வர் 2022 போட்டு, பழைய டொமைன் (ஆபீஸ் கணினிகளையும் ஆட்களையும் ஒரே சர்வரின் கீழ் கட்டிவைக்கும் அமைப்பு) பெயரையே வைத்து, பழைய ஐபி எண்ணையே கொடுத்து, ஊழியர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒன்று விடாமல் உருவாக்கிவிட்டீர்கள். ஆனாலும் 13 கணினிகள் 'ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டு' என்கின்றன, அதாவது கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை முறிந்துவிட்டது என்கின்றன. அக்கவுண்ட்ஸ் மேடத்தின் லேப்டாப் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே விடுகிறது. யூடியூபில் பார்த்த பவர்ஷெல் கட்டளை பலிக்கவில்லை. பெட்டி விற்றவரோ, 'எல்லாத்தையும் ஃபார்மட் அடிச்சுடலாம் சார்' என்கிறார்.

ஃபார்மட் வேண்டவே வேண்டாம். 13 கணினிகளிலும் எல்லாருடைய ஃபைல்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இப்போதைக்கு யாரும் எதையும் தொடாமல் இருந்தாலே போதும்.

ஏன் உள்ளே விடவில்லை என்பதைப் பார்ப்போம். டொமைனுக்கு வைக்கிற பெயர் மனுஷனுக்காக. விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது எஸ்ஐடி என்ற எண்ணை வைத்து. எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாகப் போகும் அந்த எண், டொமைனை உருவாக்கும்போதே அதற்கென்று அமைந்துவிடுகிறது. அதே பெயரில் இன்னொரு டொமைன் உருவாக்கினால் எண் வேறாகிவிடும். அல்சூரில் ஒரே தெருவில் நாலு முருகேசன் இருக்கலாம், ஆதார் எண் நாலுக்கும் வேறுதானே? உங்கள் 13 கணினிகளும் பழைய முருகேசனின் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. ஊழியர்கள் கதையும் இதேதான். பழைய 'குமார்' வேறு ஆள், நீங்கள் போன வாரம் உருவாக்கிய 'குமார்' வேறு ஆள்.

கண்ணால் பார்க்கவேண்டுமா? பழைய சர்வரின் டிஸ்கைப் புதுப் பெட்டியில் மாட்டி, ஏதாவது ஒரு ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்து பாருங்கள். யார் யாருக்கு அனுமதி என்ற இடத்தில் ஊழியர்களின் பெயர்கள் இருக்காது. அவற்றுக்குப் பதிலாக அந்த நீள எண்கள் நிற்கும்.

யூடியூப் கட்டளை பலிக்காததும் இதனால்தான். ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பாஸ்வேர்டு ஒத்துப்போகாமல் போனால் அதைச் சரிசெய்வதுதான் அந்தக் கட்டளையின் வேலை. பழைய டொமைனை பேக்கப்பிலிருந்து மீட்டவர்களுக்கு அது மருந்து. உங்கள் புது டொமைனில் அந்தக் கணினிகளுக்குக் கணக்கே கிடையாது. எதை ரிப்பேர் செய்வது?

சரி, பழைய டொமைனையே உயிர்ப்பிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியலாம். மதர்போர்டு போனதால் டொமைன் போய்விடாது; டொமைன் இருப்பது டிஸ்கில். சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டொமைன் தகவலும் அடங்கிய பேக்கப்) இருந்தாலும், டிஸ்குகள் நன்றாக இருந்து பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் அதே மாடல் பழைய பெட்டி கிடைத்தாலும் எழுப்பிவிடலாம். எழுந்ததும் புதுப் பெட்டியை மறுபடி காலியாக்கி, அதே டொமைனில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலராக, அதாவது டொமைனை நடத்தும் சர்வராக, சேர்த்து, எஃப்எஸ்எம்ஓ என்ற ஐந்து பொறுப்புகளையும் அதற்கு மாற்றிவிட்டு, பழையதுக்கு விடை கொடுக்கலாம். ஊழியர்களின் கணினிகளை மறுபடி டொமைனில் சேர்க்கவேண்டியிருக்காது. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே செய்திருந்தால் இதுதான் ராஜபாட்டை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைச் செய்வேனா? நாற்பது, ஐம்பது கணினி என்றால் கண்டிப்பாக. பதினாலுக்கு மாட்டேன். டிஸ்குகளை இணைக்கும் ரெய்ட் கார்டு ஒத்துப்போகவில்லை, பூட் ஆகவில்லை என்று இரண்டு நாள் போகும். அந்த நேரத்தில் எல்லாக் கணினிகளையும் புது டொமைனில் சேர்த்தே முடித்துவிடலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் முயற்சி செய்வதுதான் ஆபத்து. ஒரே பெயரில் இரண்டு டொமைன்கள் ஒரே நெட்வொர்க்கில் நின்றால் அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறெல்லாம் வரும். பழைய பெட்டி எழுந்தால் அதன் லேன் கேபிளைப் பிடுங்கியே வையுங்கள்.

ஆக, புது டொமைன், 14 கணினிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது என்று வைத்துக்கொள்வோம். சேர்ப்பது பத்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியவைதான் வேலையே.

கணினியிலிருந்து லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை இருந்தால் அணையுங்கள். இப்போது அந்த ஊழியரின் பழைய பாஸ்வேர்டைப் போட்டால் கணினி திறக்கும். சர்வரைப் பார்க்கமுடியாதபோது, முன்பு வந்துபோன ஆட்களை நினைவில் வைத்து உள்ளே விடுவது விண்டோஸின் வழக்கம். இயல்பாகக் கடைசி 10 பேர் வரை அதற்கு ஞாபகம் இருக்கும். இந்தக் கதவு திறந்திருக்கும்போதே பழைய டெஸ்க்டாப்பைப் பார்த்து, எடுக்கவேண்டியதை எடுத்துவிடவேண்டும்.

முதலில் எடுக்கவேண்டியது பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். வங்கி, ஜிஎஸ்டி, இ-வே பில், கஸ்டமர் போர்ட்டல் என்று எல்லாம் அதில்தான் கிடக்கும், யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. விண்டோஸில் இவை அந்தப் பழைய ஆளின் அடையாளத்தோடு கட்டிப் பூட்டப்பட்டவை. ஃபைல்களை அப்படியே புது ஆளுக்கு நகர்த்தினாலும் பூட்டு திறக்காது. குரோமில் கூகுள் கணக்கு வழியாக சிங்க் போட்டிருந்தால் பயமில்லை, திரும்பி வந்துவிடும். இல்லையென்றால் இப்போதே எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் எடுங்கள். அந்த ஃபைல் பூட்டில்லாத வெறும் எழுத்து. வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். அவுட்லுக் பாஸ்வேர்டுக்கும் இதே கதி, மறுபடி கையால் போடவேண்டும். டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனில் இருந்தால் ஒன்றும் ஆகாது. கணினிக்குள்ளேயே ஏற்றிவைத்த சான்றிதழ் இருந்தால், முடிந்தால் அதன் ரகசியச் சாவியோடு (பிரைவேட் கீ) சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கணினியிலும் லோக்கல் அட்மின் கணக்கு ஒன்று இருந்து, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இயல்பாக முடக்கியேதான் இருக்கும். அதைக் கவனிக்காமல் கணினியை டொமைனிலிருந்து வெளியே எடுத்து ரீஸ்டார்ட் செய்தால், பழைய ஆட்களும் நுழையமுடியாது, புது ஆட்களும் நுழையமுடியாது. வாசலைப் பூட்டிச் சாவியை உள்ளே விட்ட கதை. ஒருமுறை அந்தக் கணக்கில் லாகின் செய்து பார்த்துவிட்டே மேலே போங்கள்.

பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப் ஏதாவது இருக்கிறதா? அதன் 48 இலக்க மீட்பு எண் பழைய சர்வரில் சேமிக்கப்பட்டிருந்தால் அது சர்வரோடு போயிருக்கும். இப்போது திறந்திருக்கும்போதே எண்ணை எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மொபைலில் நாலு போட்டோ: டெஸ்க்டாப், பிரின்டர் பட்டியல், மேப் செய்த டிரைவ்களின் எழுத்துகள், அவுட்லுக் கணக்கு அமைப்புகள். இது எனக்கு ஒரு கணக்குப்பிள்ளை கற்றுக்கொடுத்தது. 'ஐகான் எல்லாம் இடம் மாறிப்போச்சு' என்று அவர் என்னை ஒரு வாரம் விடவில்லை.

இனி நெட்வொர்க். கணினி தன் டொமைனைக் கண்டுபிடிப்பது, பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் வழியாக. ஆகவே ஒவ்வொரு கணினியின் டிஎன்எஸ் இடத்திலும் புது சர்வரின் ஐபி மட்டுமே இருக்கவேண்டும். 'மட்டும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். சர்வரின் எண்ணை முதலில் போட்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாக 8.8.8.8 போடுவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டாவது எண் ஸ்டெப்னி டயர் மாதிரி காத்திருக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை, சர்வர் ஒருமுறை பதில் சொல்லத் தாமதித்தால் கணினி கூகுளிடம் போய்விடும், உங்கள் ஆபீஸ் டொமைன் எங்கே என்று கூகுளுக்கு எப்படித் தெரியும்? இன்டர்நெட் பெயர்களைத் தேடும் வேலையை சர்வரே ஃபார்வர்டர் (கேள்வியை வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் அமைப்பு) வைத்துப் பார்த்துக்கொள்ளும். ரவுட்டர் ஐபி கொடுக்கிறதா, சர்வர் கொடுக்கிறதா என்பதையும் முடிவுசெய்து, டிஹெச்சிபி என்ற அந்த வேலை ஒரே இடத்திலிருந்து மட்டும் நடக்கும்படி வையுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். சர்வருக்கும் கணினிக்கும் 5 நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகின் நடக்காது. பழைய டெஸ்க்டாப்பில் வட்ட பேட்டரி தீர்ந்துபோய் தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். சிஆர் 2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் சல்லிசாகக் கிடைக்கும்.

சேர்க்கும் படிகள் எளிது. பழைய சர்வருக்காகப் போட்ட கனெக்டர், லாஞ்ச்பேட் மென்பொருளை நீக்குங்கள். லோக்கல் அட்மினாக நுழைந்து வொர்க்குரூப்புக்கு (டொமைன் இல்லாத நிலைக்கு) மாற்றுங்கள், ரீஸ்டார்ட். லேன் கேபிளைச் செருகி, டொமைனில் சேருங்கள், மறுபடி ரீஸ்டார்ட். முன்பு பிரவுசரில் சர்வர் பெயரைப் போட்டு 'கனெக்ட்' பக்கத்தைத் திறந்த மாதிரி இப்போது தேடாதீர்கள். அந்த எசென்ஷியல்ஸ் வசதியை மைக்ரோசாஃப்ட் சர்வர் 2019லேயே எடுத்துவிட்டது. அதோடு இன்னொன்றும் போயிற்று: பழைய பெட்டி சத்தமில்லாமல் தினமும் உங்கள் கணினிகளை பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. இனி எடுக்காது, தனியாக ஏற்பாடு செய்யவேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள லேப்டாப் ஏதாவது இடையில் வாங்கியிருந்தால் அது டொமைனில் சேரவே சேராது, ப்ரோவுக்கு மாற்றவேண்டும்.

இப்போது எல்லாரும் பதறும் இடத்துக்கு வருகிறோம். குமார் புது டொமைனில் முதல்முறை லாகின் செய்வார். வெறும் டெஸ்க்டாப், குப்பைத்தொட்டி மட்டும். சில வருஷங்களுக்கு முன் மல்லேஸ்வரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில், 'நன்ன ஃபைலெல்லா ஹோய்து சார்' (என் ஃபைலெல்லாம் போச்சு சார்) என்று கன்னடத்தில் ஒரு பையன் கிட்டத்தட்ட அழுதேவிட்டான். எங்கேயும் போகவில்லை. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால், 'குமார்' என்ற பழைய ஃபோல்டரும், அதன் பக்கத்தில் 'குமார் புள்ளி டொமைன் பெயர்' என்று புதிதாக ஒன்றும் இருக்கும். விண்டோஸுக்கு இவர் வேறு குமார் என்பதால் வேறு அறை ஒதுக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆபீஸில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியில் சி டிரைவ் நிரம்பி வழிந்தது. யூசர் ப்ரொஃபைல் (ஒவ்வொரு ஆளின் ஃபோல்டரும் அமைப்புகளும்) பட்டியலில் 'அக்கவுண்ட் அன்நோன்' என்று ஒன்று 60 ஜிபியை அடைத்துக்கொண்டிருந்தது. யாரோ வேலையை விட்டுப் போனவர் போல என்று டெலீட் அழுத்திவிட்டேன். டொமைனிலிருந்து வெளியே எடுத்த பிறகு, இருக்கிற ஊழியரின் பழைய ப்ரொஃபைலும் அந்தப் பெயரில்தான் தெரியும் என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. மூன்று வருஷ மெயில் அதற்குள் இருந்தது. அதில் பாதிதான் வேறு இடத்திலிருந்து கிடைத்தது. குறைந்தது இரண்டு மாதத்துக்கு 'அன்நோன்' எதையும் தொடாதீர்கள்.

பழையதைப் புதியவருக்குக் கொடுக்க இரண்டு வழி. எக்ஸெல், வேர்டு மட்டும் தட்டுகிறவர்களுக்கு, அட்மினாக நுழைந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் புது ஃபோல்டருக்கு காப்பி செய்தால் போதும். நகர்த்தாமல் காப்பியே செய்யுங்கள். அவுட்லுக்கை பாப் முறையில் (மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) வைத்திருப்பவர்களின் மெயில் பிஎஸ்டி ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற இடத்தில், பழைய பதிப்பென்றால் கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டா ஃபோல்டருக்குள். அதையும் தேடிப் பிடியுங்கள்.

நிறைய மென்பொருள், நிறைய அமைப்புகள் வைத்திருக்கும் கணக்கு, டிசைன் ஆட்களுக்கு இப்படிச் செய்தால் ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு ஃபோரன்ஸிட் நிறுவனத்தின் யூசர் ப்ரொஃபைல் விசார்ட் என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். பழைய ஃபோல்டரை இருந்த இடத்திலேயே வைத்து, உரிமையைப் புது எஸ்ஐடிக்கு எழுதிக்கொடுத்து, டொமைனிலும் அதுவே சேர்த்துவிடும். வீட்டை இடிக்காமல் பட்டாவை மட்டும் மாற்றுவது மாதிரி. இலவசப் பதிப்பு உண்டு, நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடுங்கள். மேலே சொன்ன பாஸ்வேர்டுப் பூட்டு இந்தக் கருவிக்கும் திறக்காது.

டிரைவ் எழுத்துகள் பழையபடியே இருக்கட்டும். கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா இசட் டிரைவில் இருந்ததென்றால் இப்போதும் இசட்தான். இல்லையென்றால் கம்பெனிப் பட்டியல் காலியாகத் தெரிந்து இன்னொரு பதற்றம் கிளம்பும். டேலி லைசென்ஸ் பழைய சர்வரில் இருந்திருந்தால் அது அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டது. சர்வர் செத்துவிட்டதால் அந்தப் பெட்டியிலிருந்து சரண்டர் (லைசென்ஸை விடுவிப்பது) செய்யமுடியாது, புதுப் பெட்டியில் எப்படி ஆக்டிவேட் செய்வது என்று டேலி பார்ட்னரிடம் கேளுங்கள். கணினிகளை மாற்றும் ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே இதைப் பேசி முடியுங்கள். ஃபோல்டர் அனுமதிகளை ஆள் ஆளாகக் கொடுக்காமல் 'அக்கவுண்ட்ஸ்', 'ஸ்டோர்ஸ்' என்று குழுவாகக் கொடுங்கள்.

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் செய்து சர்வர் ஃபோல்டரில் போடும் வசதி நின்றுபோக நிறைய வாய்ப்பு இருக்கிறது. பழைய மெஷின்கள் எஸ்எம்பி 1 என்ற பழைய மொழியில் பேசும், சர்வர் 2022 அதை இயல்பாக ஏற்காது. 'எனேபிள் செய்துவிட்டால் சரியாகிவிடும்' என்று விற்றவர் சொல்வார். சரியாகத்தான் ஆகும். ஆனால் 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் நுழைந்து பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். மெஷினுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

பில்லையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய எசென்ஷியல்ஸில் 25 பேர் வரை தனி லைசென்ஸ் தேவைப்படவில்லை. இப்போது வாங்கியது சர்வர் 2022 ஸ்டாண்டர்டு என்றால் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ 'கால்' (சிஏஎல்) என்ற உரிமம் தனியாக வேண்டும். விற்றவர் அதைச் சேர்த்திருக்கிறாரா?

எப்போது செய்வது என்றால், ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 11க்கும் 20க்கும் முந்தின ஞாயிறு வேண்டாம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20ஆம் தேதி. அந்த வாரத்தில் அக்கவுண்ட்ஸ் கணினி ஒன்று முரண்டு பிடித்தால் ஆபீஸே நின்றுவிடும். முந்தின வெள்ளி சாயங்காலம், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒருவரின் கணினியை மட்டும் மாற்றி, சனிக்கிழமை முழுக்க அவரை வேலை செய்யவிட்டுப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

கடைசியாக, மேடத்தின் லேப்டாப் மட்டும் ஏன் உள்ளே விடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அது சரியாகிவிட்ட கணினி இல்லை. மற்ற 13லும் டிஎன்எஸ் இடத்தில் பழைய சர்வர் எண்ணைக் கையால் எழுதியிருப்பீர்கள். அதே எண் புது சர்வருக்கும் இருப்பதால் அவை நேராகப் போய் முட்டிக்கொண்டு திரும்புகின்றன. மேடம் வைஃபையில் இருக்கிறார். ரவுட்டர் அவருக்கு இன்டர்நெட் டிஎன்எஸ்ஸைக் கொடுத்திருக்கும், அதனால் அந்த லேப்டாப் புது சர்வரை இன்னும் பார்க்கவே இல்லை. பழைய ஞாபகத்தில் உள்ளே விடுகிறது. அந்த ஞாபகத்துக்குக் காலக்கெடு கிடையாது, மாதக்கணக்கில் கூட இப்படியே ஓடும். ஆகவே அதை லேனில் செருகவேண்டாம் என்று மேடத்திடம் இன்றைக்கே சொல்லுங்கள். பாஸ்வேர்டு எக்ஸ்போர்ட், பிஎஸ்டி, டேலி அமைப்புகளின் போட்டோ எல்லாவற்றையும் அதில் முதலில் எடுத்துவிட்டு, சேர்ப்பதை மட்டும் பதினாலாவதாக வையுங்கள்.